பாவாயி கடை வரகு

மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகக் கண் வைக்கிறவர்கள் எல்லாரும் பார்ப்பது தங்கள் சொந்த இமைமயிரைத்தான். நானும் அதைத்தான் பார்த்தேன். குறுக்கே பனந்தடி மாதிரி கறுப்பாக ஒன்று கிடந்தது. ஏதோ அரிய பூஞ்சை அகப்பட்டுவிட்டது என்று நினைத்துப் படம்கூட வரைந்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிலும் யாராவது வரைந்திருப்பீர்கள். வெளியே சொல்லமாட்டீர்கள்.

சோளக் கதிரில் விழும் கரிப்பூட்டை நோயைப் பற்றியும், அதற்காக விதையை மயில்துத்தக் கரைசலில் நனைப்பது பற்றியும் என்னைவிட நன்றாகச் சொல்லும் புத்தகங்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை நான் தொடப்போவதில்லை. பூஞ்சை பார்க்கிற நம் தொழில் ஒருமுறை வயலை விட்டு வெளியே வந்து, ஒரு மனுஷியின் மேல் விழவிருந்த வழக்குக்குள் நுழைந்தது. அதை மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷங்களில் நான் எத்தனையோ கதிர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில நாட்களில் பார்த்ததை நினைத்தால்தான் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

முப்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையை ஒட்டி விவசாய இலாகாவுக்கு இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் விதையும் உரமும் துத்த மூட்டைகளும். மற்றொன்றில் நானும் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப்பும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து நோய்பட்ட சோளக் கதிர்களைக் கொண்டுவந்து பார்ப்பது என் வேலை. மின்விளக்கு கிடையாது. சன்னல் வெளிச்சத்தை அடியிலுள்ள கண்ணாடியில் வாங்கி லென்ஸுக்குள் அனுப்ப வேண்டும். வானம் மூடிக்கொண்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் தொடங்கிய மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. அறுத்துப் போட்ட கதிர்கள் களத்திலேயே நனைந்தன. ஒரு மதியம் நான் வெளிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"பூசணம் பாக்குற ஆள் நீங்கதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

சேலத்திலிருந்து ஆத்தூருக்கு பேல் பேலாக நூல்கட்டு ஏற்றிக்கொண்டு மூன்று மாட்டு வண்டிகள் போயிருக்கின்றன. அயோத்தியாப்பட்டணத்தில் சாலையோரம் பாவாயி என்ற பெண் நடத்தும் சோற்றுக்கடையில் வண்டிக்காரர்கள் மூவரும் வரகுச் சோறு சாப்பிட்டார்கள். மறுபடி வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மூவருக்கும் தலை சுற்றியது. கை கால் நடுங்கியது. இருவர் பேல்களின் மேலேயே சுருண்டுவிட்டார்கள். முன் வண்டியில் இருந்த பெரியவர் தலைகுப்புறக் கீழே விழுந்தார். மண்டையில் அடி, காலின் மேல் சக்கரம். ஓட்ட ஆளில்லாமல் மாடுகள் தம் போக்கில் போயின. வழியில் போனவர்கள் பிடித்து நிறுத்தியபோது ஒரு பேல் குறைந்திருந்தது.

"மத்த ரெண்டு பேரும் மறுநாளே எழுந்துட்டாங்க. பெரியவர் ஆஸ்பத்திரியில கண்ணே திறக்காமக் கிடக்கார். அவர் போயிட்டா இது கொலைக் கேஸ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாவாயி மேல எதுக்கு சந்தேகம்?"

"ஊமத்தை விதையை அரைச்சுச் சோத்துல போட்டு, மயங்கினதும் கொள்ளையடிக்கிறது இந்தச் சாலைகள்ல புதுசில்லை. போன ஸ்டேஷன்ல நானே ரெண்டு கேஸ் பிடிச்சேன். ரெண்டுலயும் சோறு போட்டவங்கதான் கூட்டாளி. இவ நாமக்கல் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை, இங்கே சொந்தம்னு யாரும் இல்லை. அதெல்லாம்கூடப் போகட்டும். தினமும் கடைச் சோத்தைத்தான் இவளும் திங்கிறா. அன்னைக்கு மட்டும் திங்கலை. அதான் லாக்கப்புல வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"பெருமாளுக்கு ஒருசந்தி விரதமாம். சனிக்கிழமையாம்."

அவர் முகத்தில் ஏளனம் இல்லை. உண்மையிலேயே எடை போட்டுப் பார்க்கிறவர் என்று எனக்குப் பட்டது. மறுப்புச் சொன்னது ஆஸ்பத்திரி டாக்டர். ஊமத்தை தின்றவனுக்குக் கண்மணி அகன்றுபோகும், வாய் வறளும், வெறிபிடித்தவன் மாதிரிப் பிதற்றுவான். இவர்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் தூக்கமும்தான். சோறு மிச்சமில்லை, வாந்தியைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறது, பதில் வர வாரக் கணக்காகும், அதற்குள் தானியத்தையாவது அந்தப் பூசணம் பார்க்கிறவரிடம் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடையில் இரண்டு வரகு மூட்டைகள் இருந்தன. ஒன்று பழைய அறுவடை. மற்றது அந்த மழையில் அறுத்தது, சம்பவத்தன்று காலையில்தான் பிரித்ததாகப் பாவாயி சொல்லியிருந்தாள். இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு கை நிறையக் காகிதப் பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். எதிலும் எழுத்து இல்லை.

"எது எந்த மூட்டைன்னு சொல்லமாட்டேன். நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க."

என்னைச் சோதிக்கிறார் என்று புரிந்தது. அப்போது எனக்கு வயது குறைவு, சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருத்தியின் கழுத்து என் வாய்ச்சொல்லில் இருக்கும்போது என்னைச் சோதிக்காமல் வேறு என்ன செய்வது? உங்களையும் யாராவது இப்படிச் சோதிக்க வந்தால் நாற்காலி போடுங்கள்.

நல்லவேளையாக மேகம் சற்று விலகியது. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வெளிச்சம் உண்டு. பொட்டலங்களைப் பிரித்து மணிகளை ஊறவைத்து, உமியை உரித்து, நீலச் சாயம் ஏற்றி ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

முதல் பொட்டலத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை வைத்து மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பியபோது அது தெரிந்தது.

வெறும் கண்ணுக்கு அது மற்ற வரகு மாதிரியேதான் இருந்தது. உமி கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஆனால் உமிக்கும் அரிசிக்கும் நடுவில், ஒரு ஊசிமுனை நுழையாத அந்த இடுக்கில், ஒரு காடே நின்றது. நீல இழைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு அரிசியைப் போர்த்தியிருந்தன. சில இழைகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் உருண்டைத் தலை, தலையிலிருந்து எல்லாப் பக்கமும் மணிமணியாகச் சரங்கள். மத்தாப்பு சிதறுகிற கணத்தில் அப்படியே உறைந்துபோனது மாதிரி. அத்தனை சரங்களின் அத்தனை மணிகளும் ஒரே அளவு. யாருக்குக் காட்டுவதற்காக இந்த ஒழுங்கு? உமியை உரிக்காதவரை எந்தக் கண்ணும் பார்க்கப்போவதில்லையே. ஒரு வண்டிக்காரர் பசியோடு வாயில் போட்டு மென்றிருக்கக்கூடிய ஒரு மணிக்குள் இது இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரும் வழக்கும் மறந்தே போயிற்று.

பொட்டலங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தேன். ஒன்று மட்டும் நடுவில் நின்றது. அதில் சில மணிகள் சுத்தமாக இருந்தன, சிலவற்றில் இழை இருந்தது. பழைய மூட்டையிலும் கொஞ்சம் பூஞ்சை இருக்கிறதா, புது மூட்டையிலும் நல்ல மணி உண்டா? திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடலாம் என்று கை துடித்தது. இன்ஸ்பெக்டர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"தெரியலைன்னா?"

"நல்லதுன்னும் சொல்ல முடியலை, கெட்டதுன்னும் சொல்ல முடியலை. எந்த மூட்டைன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

 அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அது ரெண்டு மூட்டையையும் நானே கலந்து கட்டினது" என்றார். "மத்ததெல்லாம் சரி. எல்லாத்தையும் சரியாச் சொல்லியிருந்தீங்கன்னாகூட, இதுல அடிச்சு விட்டிருந்தீங்கன்னா நான் எழுந்து போயிருப்பேன்."

மைக்ராஸ்கோப்பில் அவரையும் பார்க்கச் சொன்னேன். அவரும் முதலில் இமைமயிரைத்தான் பார்த்தார். பிறகு அசையாமல் நின்றுவிட்டார். நிமிர்ந்தபோது சாலையையும் சன்னலையும் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"இது எல்லாச் சோத்துலயும் இருக்குமா?"

"இல்லைங்க. மழை, ஈரம், சேந்து வரணும்."

"சரி, இருக்குன்னு ஒத்துக்கிறேன். இதுதான் ஆளைத் தள்ளுச்சுன்னு எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தால் பாவாயி அன்று மாலையே வெளியே வந்திருப்பாள். அவள் செய்யவில்லை என்றுதான் என் மனசு சொன்னது. புது வரகு தின்றால் தலை கிறுகிறுக்கும் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு உண்டு. கதிரின் மேல் பாம்பு ஊர்ந்ததால் என்பார்கள். ஆனால் இந்தப் பூஞ்சைக்கும் அந்தக் கிறுகிறுப்புக்கும் தொடர்பு உண்டு என்று நான் கண்ணால் பார்க்கவில்லை.

"லென்ஸ்ல இருக்கிறதைத்தான் எழுத முடியும். அது என்ன பண்ணுச்சுன்னு லென்ஸ் சொல்லாதுங்க" என்றேன். "ஆனா ஒண்ணு. இதுவா அதுவான்னு தெரியறதுக்கு முந்தி, அந்தக் களத்து வரகை வேற யாரும் திங்க வேண்டாம்."

அன்றே இருவரும் போய் அந்த வரகை விற்ற விவசாயியைப் பார்த்தோம். அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில்தான் அவர் காடு. சந்தைக்குப் போகவிருந்த மூட்டைகள் வாசலில் அடுக்கியிருந்தன. நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மழை அடிச்சது பத்தலைன்னு நீங்களும் வந்து வயித்துல அடிக்கிறீங்களா?" என்றார். பிறகு மூட்டைகளை உள்ளே எடுத்து வைத்தார். எனக்குத் தெரியாத ஒன்றுக்காக அவருக்குத் தெரிந்த நஷ்டத்தை ஏற்கச் சொன்னேன். இந்த வேலையில் அதையும் நீங்கள் செய்ய வேண்டியிருக்கும். சந்தோஷமாகச் செய்யாதீர்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பினார். ஸ்டேஷனுக்குப் போனேன். பின்கட்டில் புளியமரத்தடியில் இரண்டு அடுப்புகள், இரண்டு மண்சட்டிகள். ஆஸ்பத்திரி டாக்டரும் தம் பையோடு வந்திருந்தார். லாக்கப்பின் கம்பிக்கு உள்ளே, நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பாவாயியை நான் முதலில் பார்த்தேன்.

"நான் அந்தச் சோத்தைத் திங்கப்போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

 "வேற யாராவது... ஒரு ஆட்டுக்குப் போட்டுப் பாக்கலாமே" என்றேன்.

"ஆடு கோர்ட்ல சாட்சி சொல்லுமா? இவளை உள்ளே வெச்சது நான். நான் வெச்சது சரியா தப்பான்னு நான்தான் பாக்கணும்."

பிறகு கம்பிக்குப் பக்கத்தில் போய், "இந்தாம்மா, அன்னைக்கு எப்படிப் பொங்கினியோ அதே மாதிரி இந்தப் புது வரகைப் பொங்கு. நான் திங்கிறேன். நான் விழுந்தா நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

பாவாயி எழுந்திருக்கவே இல்லை.

"மாட்டேனுங்க."

"ஏன்?"

"மூணு பேரு உழுந்தது பத்தாதுங்களா சாமி? நீங்க வேற உழுவோணுமா? அன்னைக்குத் தெரியாமப் போட்டேனுங்க. இன்னைக்குத் தெரிஞ்சு எப்படிங்க போடறது?"

"உனக்கு நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

"எனக்கு நல்லதுங்க. உங்களுக்கு? உங்க ஊட்லயும் புள்ளை குட்டி இருக்குமில்லீங்க. நான் உள்ளயே கெடக்கறேன். இந்தக் கையால ஆக்கிப் போட மாட்டேன்."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். விடுதலை ஒரு சட்டிச் சோற்றுத் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. எனக்குக் கண் கலங்கியது.  என்னைக் கேட்டால் வழக்கு அப்போதே முடிந்துவிட்டது. ஆனால் இன்ஸ்பெக்டர் அப்படி முடிக்கிறவர் இல்லை. வயதான ஏட்டையாவைக் கூப்பிட்டுச் சமைக்கச் சொன்னார்.

நான் குறுக்கே போனேன். "சாப்பிடறதுக்கு முந்தி ஒண்ணு பேசிக்கணுங்க. நீங்க விழுந்தா வரகுதான் காரணம், சரி. விழலைன்னா?"

"விழலைன்னா கேஸ் நடக்கும்."

"நடக்கட்டும். ஆனா அவ பண்ணினான்னு ஆயிடாதுங்க. எல்லா மணியிலயும் பூசணம் இல்லை. நீங்க சாப்பிடற பிடியில அது இல்லாமப் போகலாம். உங்க உடம்புவாகு தாங்கலாம். விழலைன்னா நமக்கு ஒண்ணும் தெரியலைன்னுதான் அர்த்தம்."

அவர் கோபப்படவில்லை. டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். "அப்படியே வெச்சுக்கலாம்" என்றார்.

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். முடிவு வந்த பிறகு அதற்கு அர்த்தம் தேடினால், நமக்குப் பிடித்த அர்த்தம்தான் முதலில் ஓடிவந்து நிற்கும். இலை போடுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பழைய மூட்டை வரகு ஒரு சட்டியில், புதியது இன்னொன்றில் பொங்கியது. பழையதை ஏட்டையா சாப்பிட வேண்டும், புதியதை இன்ஸ்பெக்டர். வண்டிக்காரர்கள் வயிறு நிறையத் தின்றிருந்தார்கள், நீங்கள் பாதி தின்றால் போதும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நிதானமாக, கடையில் சாப்பிடுகிறவர் மாதிரி, மோர் ஊற்றிப் பிசைந்து தின்றார். இலையை மடித்தார். கை கழுவினார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்தது. ஏட்டையாவுக்கு.

அவருடைய இரு கைகளும் வெடவெடவென்று ஆடின. நெற்றியெல்லாம் வேர்வை.  பழைய மூட்டை சுத்தம் என்று சொன்னவன் நான். அதைத் தின்றவர் நடுங்குகிறார், பூஞ்சைச் சோறு தின்றவர் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் லென்ஸில் பார்த்ததற்கெல்லாம் என்ன பொருள்? டாக்டர் ஏட்டையாவின் நாடியைப் பிடித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், பிறகு அவர் முதுகில் தட்டினார்.

"ஏட்டையா, நீங்க தின்னது நல்ல சோறு. பயத்துல நடுங்குறீங்க. எழுந்து நடங்க."

ஏட்டையா எழுந்தார். நடந்தார். புளியமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நடுக்கம் நின்றுவிட்டது. எல்லாரும் சிரித்துவிட்டோம். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை.

மறுபடி கையை ஊன்றினார். கை வழுக்கிக்கொண்டு போனது. தன் கையைத் தானே வியப்போடு பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது மாதிரி. விரல் நுனியில் தொடங்கிய நடுக்கம் தோள் வரைக்கும் ஏறியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நாக்குப் புரளவில்லை. தட்டுத் தடுமாறி நின்று இரண்டு அடி வைத்தவர், முழங்கால் மடிந்து அப்படியே சரிந்தார். நானும் டாக்டரும் பிடித்துக்கொண்டோம். வாந்தி எடுத்தார்.

டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, "கண்மணி விரியலை. வண்டிக்காரங்களுக்கு இருந்த அதே நிலை" என்றார்.

சன்னல் வெளிச்சத்தில் நான் பார்த்த அந்த நீல மத்தாப்பு ஞாபகத்துக்கு வந்தது. நிறுத்துப் பார்த்தால் எடையே இல்லாத ஒன்று. அது ஆறடி மனிதரைத் தரையில் போட்டுவிட்டது. எனக்குப் பயமாகவும் இருந்தது, கைகூப்ப வேண்டும் போலவும் இருந்தது.

"ஏட்டையா, கதவைத் தொறங்க!" என்று உள்ளேயிருந்து பாவாயி கத்தினாள். "தலையை மேல தூக்கிப் புடிங்க. இல்லாட்டி பொரை ஏறீரும்!"

ஏட்டையா யாரையும் கேட்கவில்லை. சாவியை எடுத்துத் திறந்துவிட்டார். அவள் ஓடிவந்து இன்ஸ்பெக்டரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். வெளிவாசல் திறந்துதான் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் செய்வதை அவள் போக்கில் விட்டுவிட்டு, நாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது இன்ஸ்பெக்டர் கண் விழித்தார். நாக்கு இன்னும் தடித்திருந்தது. அவர் முதலில் கேட்டது தன் உடம்பைப் பற்றி அல்ல.

"பேலை யாரும் திருடலைன்னா, அது எங்கே விழுந்திருக்கும்?"

அதுவரை எல்லாரும் திருடனைத் தேடியிருந்தார்கள். பேலை யாரும் தேடவில்லை. மறுநாள் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்தார்கள். ஆளில்லாத முன் வண்டி ஓர் ஓடைப் பாலத்தின் ஓரமாக ஒதுங்கி ஏறியிருக்கிறது. பேல் கீழே உருண்டு, முள் அடர்ந்த சங்கம்புதருக்குள் புதைந்து கிடந்தது. நூல் நனைந்திருந்தது. கட்டு அவிழவில்லை.

பாவாயி வீட்டுக்குப் போனாள். அடிபட்ட பெரியவர் அந்த வாரமே கண் திறந்தார். பிழைத்தார், ஒரு காலை இழுத்து நடந்தார். விவசாயியின் மூட்டைகள் எருக்குழிக்குப் போயின. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வருஷச் சாப்பாடு. அவர் என்னிடம் பேசவில்லை.

கடை திறந்தும் நான்கைந்து நாள் யாரும் சாப்பிட வரவில்லை என்று கேள்விப்பட்டேன். வண்டிகள் நிற்காமல் போயின. பிறகு ஒரு நாள் உச்சி வேளையில், வண்டிகள் கூடுகிற நேரமாகப் பார்த்து, இன்ஸ்பெக்டர் முழு உடுப்போடு வந்து சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். கடை வாசலில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து இலை போடச் சொல்லி, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அவளை எல்லார் கண் முன்னாலும் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அதனால் எல்லார் கண் முன்னாலும் சாப்பிட்டேன் என்று என்னிடம் பிறகு சொன்னார். இதைவிடப் பெரிய விஞ்ஞானியை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் சந்தித்ததில்லை.

தை மாதம் பாவாயி அஸ்தம்பட்டிக்கு வந்தாள். சாட்சிப் பொருளாக இன்ஸ்பெக்டர் என்னிடம் கொடுத்து வைத்திருந்த பழைய வரகு மூட்டையை வாங்கிப் போக வந்தவள், மேசையிலிருந்த மைக்ராஸ்கோப்பைப் பார்த்து நின்றாள்.

"இதுலதானுங்களா பாத்தீங்க?"

"ஆமாம்மா. பாக்கறீங்களா?"

பத்திரமாக வைத்திருந்த ஒரு கெட்ட மணியின் துண்டை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். அன்று நல்ல வெயில். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"உசுரு இருக்குதுங்களா இதுக்கு?"

"இருந்துச்சு."

"கும்புடறதா அடிக்கறதான்னு தெரியலீங்க சாமி. இத்தனை அழகா இருந்துக்கிட்டா இந்த வேலையைப் பண்ணுச்சு?"

நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இந்தக் குழாயி எங்க ஊட்ல இல்லீங்களே. உலையில போடறதுக்கு முந்தி நான் எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மழையில் நனைந்த வரகை வாங்காதீர்கள், உமி மங்கலாக இருந்தால், கசந்தால் ஒதுக்கிவிடுங்கள் என்றேன்.

"மழையில நனையாத வரகு எந்த வருசத்துலீங்க கெடைக்கும்?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, சோளத்துக்கு நடுவே, யாரும் கேட்காமலேயே வரகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நேரத்தில் அறுத்தால், எப்படிக் காயவைத்தால் பூஞ்சை குறைகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன், ஊர் ஊராகச் சொல்லவும் செய்தேன். குறைகிறது, ஒழியவில்லை. அதிலிருக்கும் நஞ்சு எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை உங்களில் யாராவது பிரித்தெடுப்பீர்கள் என்று நம்புகிறேன். எடுத்த பிறகு, லென்ஸ் இல்லாத வீட்டில் உலை வைப்பவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அன்று பாவாயி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு, ஏற்காடு சாலையின் வெயிலில் இறங்கி நடந்தாள். சன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு மணியின் உமியை உரித்தேன்.